டைசன் தண்ணி காட்டிய கதை

‘நாய்க்குப் பிறவியிலேயே நீச்சல் தெரியும்’ என்று முதன்முதலில் சொன்ன ஆசாமி யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அகப்பட்டால் கையில் ஒரு துண்டைக் கொடுத்து எங்கள் டைசனைத் துவட்டச் சொல்வேன். வேறு தண்டனையே வேண்டாம்.

டைசன் எங்கள் வீட்டு லாப்ரடார். திருச்சியில் வாங்கும்போது ஐம்பது நாள் குட்டி. சட்டைப் பைக்குள் போட்டால் பேனாவோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும் போல இருந்தது. “பெரிய ஜாதி சார், வளர்ந்தா முப்பது கிலோவ அசால்ட்டா தாண்டும்” என்றார் விற்றவர். கேட்க அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவது மாதம் 22 கிலோ வந்த பிறகு, ராத்திரி இடி இடித்ததும் அது என் நெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்தபோதுதான் கிலோ என்றால் என்னவென்று புரிந்தது.

விற்றவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “தண்ணியிலயே பொறந்த ஜாதி சார். குளத்துல விட்டீங்கன்னா மீன் மாதிரி போகும்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் என் மச்சானிடம் சொல்லியிருக்கக் கூடாது.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. அங்கே மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்தும், நழுவின மீனைக் கவ்விக் கொடுத்தும் பிழைத்த கறுப்பு நாய்கள்தான் லாப்ரடாரின் கொள்ளுத் தாத்தாக்கள். 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து போய், பிரபுக்கள் சுட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி வரும் உத்தியோகத்தில் அமர்ந்தன. 1903-இல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமென்று முத்திரை குத்தியது. விரல்களுக்கு நடுவே சவ்வு, தண்ணீர் ஒட்டாத இரட்டை ரோமம், துடுப்பு மாதிரி தடித்த வால்... உடம்பு என்னவோ நீச்சலுக்கென்றே அமைந்த உடம்புதான். அதற்காக பி.காம். பாஸ் பண்ணினவனுக்கெல்லாம் பாலன்ஸ் ஷீட் டாலியாகிவிடுகிறதா? என் பக்கத்து சீட்காரரைக் கேளுங்கள்.

என் கதையையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஒன்பது வயதில் என் தாய்மாமன், “தூக்கிப் போட்டா தானா வரும்” என்ற மேலான கல்வித் திட்டத்தின்படி என்னைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். தானாக வரவில்லை. கயிறு கட்டி, ஆள் இறங்கித்தான் எடுத்தார்கள். அன்றைக்குக் குடித்த தண்ணீரின் பாசி வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. காவிரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிற ஆசாமி நான்.

மனைவிக்குப் பிறந்த ஊர் குளத்தூர். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்றே தாலுகா. அவ்வளவு பெரிய பெயர். (இன்றைக்கும் தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர்தான், ஆனால் ஆபீஸ் இருப்பது கீரனூரில். பெயர் ஒருத்தருக்கு, நாற்காலி இன்னொருத்தருக்கு என்பது நம் ஆபீசில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை.) ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றாமல் பெய்தால் மார்கழியில் அந்தப் பக்கத்துக் குளங்கள் கண்ணை நிறைக்கும்.

அப்படி ஒரு மார்கழியில், நாலு நாள் லீவு போட்டுவிட்டு மனைவி, பையன், டைசன் சகிதம் போய் இறங்கினேன். மறுநாள் காலை இட்லி முடிந்ததும் மச்சான் எழுந்தார்.

“மச்சான், தண்ணியில பொறந்த நாயை வீட்ல கட்டிப் போட்டா பாவம். வாங்க, குளத்துக்குப் போவோம்.”

“இப்பத்தானேப்பா அதுவும் சாப்பிட்டுச்சு...”

“நாய்க்கு என்ன மச்சான் ஜெலுசிலா குடுக்கப் போறோம்? வாங்க.”

போனோம். குளத்துக்கு இரண்டு முகம் உண்டு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் உயரமாக மண் கரை. தண்ணீரைத் தாங்கி நிற்பது அதுதான், ஆழமெல்லாம் கரையடியில். எதிர்ப்பக்கம் உள்வாய், அதாவது வாரிகள் வழியாகத் தண்ணீர் வந்து சேருகிற பக்கம். அங்கே தரை தாம்பாளம் மாதிரி மெல்ல மெல்லச் சரியும். நாங்கள் எந்தப் பக்கம் போயிருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. கரைப் பக்கம், படித்துறை. பாசி பிடித்த கருங்கல் படி.

டைசன் முதல் படியில் நின்று தண்ணீரை மோந்து பார்த்தது. அதில் இன்னொரு நாய் தெரிந்ததும் ‘வவ்’ என்றது. இரண்டடி பின்வாங்கி என் காலுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. மச்சான் மூன்றாவது படியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கழுத்துச் சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பு.

பாசி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 22 கிலோவும் சரிந்து உள்ளே போனது.

நாய் படுத்தவாக்கில் நீந்துவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். தெரியாத நாய், தண்ணீரில் நட்டுவைத்த கம்பு மாதிரி செங்குத்தாக நிற்கிறது. பின்பக்கம் கல்லைக் கட்டினாற்போல் அமிழ, முன்னங்கால் இரண்டும் தண்ணீரை ‘பட் பட்’டென்று அறைகிறது. நீச்சல் அடிப்பது போலத்தான் தெரியும். உண்மையில் அது இல்லாத ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது. மச்சான் கிட்டே போனார். டைசனுக்கு ஏணி கிடைத்துவிட்டது. அவர் தோளில் கால் வைத்தது, தலையில் கால் வைத்தது, ஏறியது. மச்சான் கால் வழுக்கி உள்ளே போனார். நல்ல நீச்சல்காரர். ஆனால் தலைமேல் ஒரு மூட்டை நின்றுகொண்டிருந்தால் எந்த நீச்சல்காரரும் மேலே வர முடியாது.

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். பையன் “அப்பா... அப்பா...” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. கால் நகரவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் நடந்தது.

கரை மேலே காளை மாமா வந்துகொண்டிருந்தார். என் மாமனாருக்குப் பங்காளி முறை. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர் என்பதால் எங்கள் குடும்ப வழக்கில் அந்தப் பெயர். கையிலிருந்த கம்பைப் போட்டார், வேட்டியோடு இறங்கினார். மச்சானைப் பிடிக்கவில்லை. நாயின் பின்னால் நீந்திப் போய் அதன் பின்தொடையைத் தாங்கி உயர்த்தினார். அவ்வளவுதான், உடம்பு படுத்தவாக்குக்கு வந்ததும் டைசன் மச்சானை விட்டுவிட்டுப் படியைப் பார்த்து இரண்டு தள்ளு தள்ளியது. மச்சான் மேலே வந்து இருமினார். டைசனும் இருமியது. மாமா அதன் தலையைத் தாழ்த்திப் பிடித்தார். வாய் வழியே தண்ணீரும் காலை இட்லியும் வந்தன.

“யார்றா இந்தப் பக்கம் இறக்கச் சொன்னது?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே காரில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். “இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருந்தா உடனே தெரியாது, சில மணி நேரம் கழிச்சும் வேலையைக் காட்டும். ஒரு நாள் முழுக்கக் கவனிங்க. படுத்திருக்கும்போதும் மூச்சு வேகமா வாங்கினாலோ, இருமல் நிக்காட்டியோ, ஈறு வெளுத்தாலோ, நீலம் பாய்ஞ்சாலோ அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க” என்றார். “வயித்துல சாப்பாடு இருக்கும்போது இறக்கினீங்களா? இது பெரிய நெஞ்சுக்கூடு உள்ள ஜாதி. நிறையத் தின்னதும் ஆட்டம் போட்டா வயிறு உப்பி முறுக்கிக்கவும் வாய்ப்பு இருக்கு. அது உயிருக்கே ஆபத்து சார்.”

அந்த ராத்திரி யாரும் தூங்கவில்லை. டைசன் கூடத்தில் சாக்கின் மேல் படுத்திருந்தது. நானும் பையனும் இரண்டு பக்கம். அரை மணிக்கொரு தரம் டார்ச் அடித்து உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்போம். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் ரோஸ் திரும்ப வேண்டும். திரும்பியது. மச்சான் திண்ணையில் உட்கார்ந்து பீடியாகப் பிடித்துத் தள்ளினார். இரண்டு மணிக்கு உள்ளே வந்து டைசனின் மூச்சை எண்ணினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் மட்டும், “செத்துப் போயிடுமாப்பா?” என்று கேட்டான். “சேச்சே” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ!

விடிந்ததும் டைசன் எழுந்தது, சோம்பல் முறித்தது, என் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு தோட்டத்துக்கு ஓடியது. ஒரு செருப்பு போனதற்கு ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மனைவி அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் விறகுப் புகை என்றாள். கேஸ் அடுப்பு!

ஆனால் டைசனுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது என்றாகிவிட்டது. குளிக்க வைக்க வாளியை எடுத்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. சொம்பில் மொண்டு ஊற்றினேன். எங்கள் இருவருக்கும் அதுதான் ஒத்துப்போயிற்று.

அடுத்த சனிக்கிழமை காளை மாமா சொல்லியனுப்பினார்: “மாப்ளய நாயோட வரச் சொல்லுங்க. சாப்பாடு போடாமக் கூட்டிட்டு வரணும். நாய்க்குத்தான், மாப்ளக்கி இல்ல.”

புதுக்கோட்டைச் சீமையில் மார்கழி பிறந்துவிட்டால் காளைகளுக்கு நீச்சல் பயிற்சி. தை வந்தால் ஜல்லிக்கட்டு. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டே வழக்கமாக இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் தொடங்கும். 2014-இல் தடை வந்து, 2017 தையில் ஊரே தெருவுக்கு வந்து போராடி, 2023-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்னது வரை மாமாவுக்குத் தேதி வாரியாகத் தெரியும். தடை இருந்த காலத்திலும் காளையை நீந்த விடுவதை அவர் நிறுத்தவில்லையாம். “வாடிவாசல் இல்லைன்னா மூச்சு வேணாமா அதுக்கு?” என்றார். ஓட்டத்தில் குளம்பும் மூட்டும் தேயும். நீச்சலில் தேய்மானமில்லாமல் தசையும் மூச்சும் ஏறும் என்பது அவர் கணக்கு. திருச்சி டாக்டரும் டைசன் விஷயத்தில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு எலும்பின் முனை இறுக ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை ஆகும். அதற்குள் உயரத்திலிருந்து குதிப்பது, வழுக்குப் படியில் ஏறி இறங்குவது எல்லாம் மூட்டுக்கும் இடுப்புக்கும் கேடு. நீச்சல் நல்லது, ஆனால் அளவாக. குதிக்க வைப்பது கூடவே கூடாது.

மாமா எங்களை உள்வாய்ப் பக்கம் கூட்டிப்போனார். நேரே இறங்கவிடவில்லை. கம்பை ஊன்றி முழங்கால் தண்ணீரில் தான் மட்டும் ஒரு ரவுண்டு நடந்தார்.

“என்ன மாமா தேடறீங்க?”

“குழி. வண்டல் அள்ளுறேன்னு கோடையில மிஷினை வெச்சுத் தோண்டிட்டுப் போயிடுறானுங்க. தண்ணி நின்னுட்டா மேல ஒண்ணும் தெரியாது. முழங்கால் தண்ணியில நடந்துக்கிட்டே இருப்ப, அடுத்த அடியில ஆளே இருக்க மாட்ட. கருவேல முள்ளு வேற உள்ள கிடக்கும்.”

அப்புறம் குளத்துக்குள்ளே தூரத்தில் நின்ற இரண்டு கல்தூண்களைக் காட்டினார். நான் ஏதோ சாமி சமாசாரம் என்று இத்தனை வருஷமாய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அது குமிழித் தூம்பு. அடியில் கல்பெட்டி, பெட்டியில் துளை, துளையிலிருந்து கரைக்கு அடியாக வயலுக்குப் போகிற சுரங்கக் கால்வாய். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஆட்கள் குளத்தைத் திறக்கவும் மூடவும் பண்ணின ஏற்பாடு. இந்தப் பக்கத்துக் குளங்களில் இன்னமும் தூண்கள் நிற்கின்றன. தூம்பு திறந்திருக்கும்போது கிட்டே போனால் தண்ணீர் உள்ளே இழுக்கும். “நாயும் போகக் கூடாது, நாயைத் தேடிக்கிட்டு நாமளும் போகக் கூடாது” என்றார். கோயிலென்று நினைத்து நான் வருஷா வருஷம் கும்பிட்டதில் தப்பில்லை போலிருக்கிறது.

பச்சைப் படலம் மிதக்கிற மூலை, துணி துவைக்கிற இடம் இரண்டையும் ஒதுக்கினார். டாக்டர் சொன்ன லெப்டோஸ்பைரோஸிஸ், அதாவது எலிக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரிலிருந்து நாய்க்கும் வரும், நமக்கும் வரும். டைசனுக்குத் தடுப்பூசி வரிசை நாலாவது மாதத்தோடு முடிந்திருந்தது, அதில் இதுவும் சேர்த்தி. “ஊசி முடியாத குட்டியை ஊர்த் தண்ணியில இறக்காதீங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமா கேட்டுக்கொண்டு, “நமக்கு?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

“கழுத்துப் பட்டையை அவுருங்க மாப்ள” என்றார் அடுத்தாற்போல். “கழுத்தைப் பிடிச்சு இழுத்தா தலைதான் முங்கும்.” நானும் சும்மா வரவில்லை. நாய்க்கான லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கூரியரில் வரவழைத்திருந்தேன். மஞ்சள் நிறம், முதுகில் கைப்பிடி. டைசனுக்கு மாட்டியதும் ஊர்ப் பொடிசுகள் விழுந்து விழுந்து சிரித்தன. மாமா சிரிக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தார், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“அட! திமிலு!” என்றார்.

முப்பதடி நைலான் கயிற்றை அந்த ஜாக்கெட்டின் வளையத்தில் கட்டினார். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, முடிச்சும் கூடாது, வேரில் சிக்கும்.

அப்புறம் அன்றைக்கு என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை! தண்ணீர் ஓரமாக உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம். மாமா காளையை இறக்கி நீந்தவிட்டார். இரண்டு பக்கம் கயிறு, தலையைத் தூக்கிப் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு அது போன அழகே தனி. டைசன் என் மடியில் அரை உடம்பை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. வேகவைத்த கோழித் துண்டு கொஞ்சம் தின்றது. வீட்டுக்குப் போனோம். “இதுக்கா திருச்சியிலேருந்து வந்தோம்?” என்றான் பையன்.

ஞாயிற்றுக்கிழமை பாதம் நனைந்தது. அடுத்த சனி முழங்கால். மாமா வீட்டு நாட்டு நாய் மணி எங்களைச் சட்டை செய்யாமல் தண்ணீரில் நடந்து போய், குடித்து, திரும்பி வந்து உதறிவிட்டுப் போனது. டைசன் அதையே பார்த்தது. சற்று நேரத்தில் அதன் பின்னாலேயே வயிறு நனைய நடந்தது. நாங்கள் நூறு தடவை ‘வா வா’ என்று கொஞ்சியும் நடக்காத காரியம். மணி ஒரு தடவை கூட வா என்று சொல்லவில்லை.

மச்சான் பொறுக்க முடியாமல், “இன்னும் ஒரு நாலடி தள்ளுனா நீந்திரும்ல?” என்றார்.

மாமா திரும்பினார். “டேய், காளைய முத நாள் எப்படி இறக்குறோம்? இறங்குன வழியிலயே ஏறத் தெரியுதான்னு பார்த்துட்டுத்தானே ஆழத்துக்கு விடுறோம்? ஏற வழி தெரிஞ்ச ஜீவன் பயப்படாது. அன்னிக்கு நீ படியில இழுத்தியே, அதுக்கு ஏற வழி தெரிஞ்சது உன் மண்டை ஒண்ணுதான்.”

மச்சான் தலையைத் தடவிக்கொண்டார். நகக் கீறல் இன்னும் ஆறவில்லை.

அதனால் மாமா செய்தது தலைகீழ். நாயை உள்ளே அனுப்பவில்லை. உள்ளிருந்து கரைக்கு அனுப்பினார். ஜாக்கெட்டோடு டைசனை அணைத்துத் தூக்கி, தன் இடுப்பளவுத் தண்ணீர் வரை நடந்து போய், கரையைப் பார்த்துத் திருப்பி, வயிற்றுக்கடியில் ஒரு கை, பின்தொடைக்கு ஒரு கை கொடுத்து மெல்ல இறக்கினார். கரையில் பையன் கோழித் துண்டோடு நிற்கிறான். கால் எட்டாத தூரம் ஐந்தே அடி. டைசன் முதலில் ‘பட் பட்’டென்று அறைந்தது. மாமா பின்பக்கத்தை உயர்த்தியதும் அறைவது நின்றது. காதை ஒட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, தண்ணீருக்கடியில் நாலு காலும் சத்தமில்லாமல் வேலை செய்ய... போயிற்று சார், போயிற்று! கால் தரையில் பட்டதும் நாலுகால் பாய்ச்சலில் பையனை இடித்துத் தள்ளிவிட்டு, கோழியைத் தின்றுவிட்டு, எல்லார் மேலும் உதறியது. மச்சான் விசில் அடித்தார்.

மொத்தம் ஐந்து நிமிஷம். மூன்று தடவை. “போதும்” என்று ஏற்றிவிட்டார். டைசனுக்கு இன்னும் ஆசை. “ஆசை இருக்கும்போதே ஏத்திடணும் மாப்ள. நாளைக்கு அதுவா வரும்.” கிணற்றடியில் நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, தொங்கு காதைத் தூக்கி உள்ளே ஈரம் போகத் துடைத்தோம். லாப்ரடார் காதில் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும்.

மறுநாள் காலை புது கலவரம். டைசனின் வால் செத்த பாம்பு மாதிரி தொங்கியது. ஆட்டவும் இல்லை, தூக்கவும் இல்லை, தொட்டால் முனகல். மனைவி, “வால் உடைஞ்சு போச்சு!” என்று மச்சானை முறைத்தாள். இந்தத் தடவை அந்த மனுஷன் நிஜமாகவே நிரபராதி. டாக்டருக்குப் போன் போட்டேன். சிரித்தார். குளிர்ந்த தண்ணீரில், பழக்கமில்லாத நீச்சலில், லாப்ரடார் மாதிரி ஜாதிகளுக்கு வால் தசை பிடித்துக்கொள்வது சகஜமாம். நாலைந்து நாள் ஓய்வு போதும், சரியாகாவிட்டால் காட்டுங்கள் என்றார். நாலாம் நாள் வால் ஆடி, டீப்பாய் மேலிருந்த காபி டம்ளரைத் தட்டிவிட்டது. குணமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டோம். அதிலிருந்து மார்கழி விடியலில் இறங்குவதில்லை. வெயில் ஏறி பத்து மணிக்கு மேல்தான்.

பந்து எறிவதை டாக்டர் தடுத்துவிட்டார். பந்தைக் கவ்வ வாயைப் பெரிதாகத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே போகும்; அளவுக்கு மீறினால் உடம்பில் உப்புச் சத்து குறைந்து தள்ளாடி, மயங்கி விழவும் கூடுமாம். தட்டையாக மிதக்கிற சாமானாகப் போடுங்கள் என்றார். தட்டையாக மிதப்பது, டைசனுக்குப் பிடித்தது, எங்கள் வீட்டில் ஏராளமாக இருப்பது... ஒற்றை ஹவாய் செருப்பு! (கடித்துத் தின்ன விடக் கூடாது, கவ்வி வந்ததும் வாங்கி வைத்துவிட வேண்டும்.)

இத்தாலியில் 1989-இல் ஃபெருச்சோ பிலெங்கா என்பவர் நாய்களுக்கென்றே கடல் மீட்புப் பள்ளி தொடங்கினார். லாப்ரடாரும் நியூஃபவுண்ட்லாந்தும் ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து ஆளை இழுத்து வருகின்றன. இதை மாமாவிடம் சொன்னேன். “ஹெலிகாப்டர்லேர்ந்தா?” என்று யோசித்தார். “முத நாளேவா?” என்றார். இல்லை மாமா, அங்கேயும் பாடம் கரையில்தான் ஆரம்பம் என்றேன். ஒரு இத்தாலிக்காரன் தன்னைக் கேட்டு நடந்துகொண்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு திருப்தி.

ஐந்தாவது சனிக்கிழமை மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மச்சான் ஊரில் இல்லை. டைசன் ஜாக்கெட்டை மாட்டச் சொல்லிக் குதிக்கிறது. மாமா கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க இறங்கிப் பிடிங்க மாப்ள. நான் கம்பு போட்டுப் பார்த்துட்டேன். அந்தக் கல்லு வரைக்கும் குழி இல்ல. உங்களுக்கு இடுப்புதான் வரும். அதுக்கு மேல போக வேணாம்.”

பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று படியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தவன்.

பேண்ட்டை மடித்துவிட்டேன். பிறகு அது எவ்வளவு அபத்தம் என்று புரிந்து லுங்கிக்கு மாறினேன். முழங்கால். தொடை. வயிறு நனைந்தபோது மூச்சு ஒரு தடவை நின்று போனது. பாசி வாசனை அதே வாசனைதான். டைசன் என் பக்கத்தில் நடந்து வந்து, தரை நழுவியதும் தானாகவே மிதந்து, என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நான் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், முதுகுக் கைப்பிடியை நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமாகக் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

பையன் கோழித் துண்டை டைசனிடம் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினான். “அப்பா, நீ எப்ப நீந்துவ?”

நான் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். தலை நனையவேயில்லை என்பது வேறு விஷயம்.

மாமா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அடுத்த வாரம் வரும்போது காலி எண்ணெய்க் கேன் ரெண்டு எடுத்துட்டு வாங்க மாப்ள. அஞ்சு லிட்டர் கேன். மூடி இறுக்கமா இருக்கணும்.”

“எதுக்கு மாமா? டைசனுக்குத்தான் ஜாக்கெட் இருக்கே?”

“அதுக்கு இருக்கு” என்றார். “சாப்பிடாம வாங்க.”